ரெண்டு பேருக்கும் நைட் டியூட்டியா? குழந்தைக்கு ‘ஸ்டேண்ட்பை’ பட்ஜெட் போடுங்க

கணவர் கேஷுவாலிட்டியில, மனைவி லேபர் வார்டுல. ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் நைட் விழுந்தா குழந்தை யார்கிட்ட? சாயங்காலம் மூடுற டே கேர் இதுக்கு உதவாது.

இங்கேதான் பல வீடுகள்ல தப்புக் கணக்கு போடுறாங்க. “மனைவி சம்பளம் 60,000. ஆயாவுக்கு 20,000 போனா மிச்சம் 40,000. இதுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்?” ஏங்க, குழந்தை ரெண்டு பேருக்கும்தானே! செலவை ரெண்டு சம்பளத்தையும் கூட்டி, அதிலிருந்து கழிங்க. வேலையை விட்டா சம்பளம் மட்டுமா போகுது? அனுபவம், பிஎஃப், அடுத்த இன்க்ரிமென்ட் எல்லாமும்தான்.

பகலுக்கு டே கேர் போதும். ராத்திரிக்கு, குழந்தைக்குப் பழகின ஒரு அக்காகிட்ட மாசத்துக்கு ஒரு தொகை பேசிடுங்க. கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் அது அவங்களுக்கு உண்டு. வர்ற ராத்திரிக்குத் தனிக் காசு. உதாரணமா மாசம் 5,000, ராத்திரிக்கு 800-னு வெச்சா, ஆறு நைட்டுக்கு மொத்தம் 9,800. சும்மா இருக்கறதுக்கு எதுக்கு 5,000-னு தோணும். அந்தக் காசு இல்லன்னா, நீங்க கூப்பிடுற அன்னைக்கு அவங்க வேற வீட்டுல இருப்பாங்க. ரோஸ்டர் வந்ததும் தேதிகளை அவங்களுக்கு அனுப்பிடுங்க.

ஊர்ல இருந்து அம்மாவை வரவழைக்கிறீங்களா? அவங்க ஹெல்த் இன்ஷூரன்ஸையும் இதே பட்ஜெட்ல சேருங்க.

இன்னொண்ணு. 2017-ல மகப்பேறு சட்டத்துல திருத்தமா வந்த விதி இது: 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தரணும். அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம். தனியார் ஆஸ்பத்திரியில சேரும்போது சம்பளத்தோட இதையும் கேளுங்க. காப்பகம் நைட் ஷிஃப்ட்லயும் திறந்திருக்குமான்னு ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க.