மூக்கில் சதை வளர்ந்தால் சளி ஏன் தேங்குகிறது?

வல்லத்திராக்கோட்டை போன்ற ஊரில் கதிரடிக்கும் நாளில் மூக்குக்குள் புகும் தூசி என்ன ஆகிறது? மூக்கின் உட்சுவரில் உள்ள சளிப் படலம் அதைப் பிடித்துக்கொள்கிறது. அங்குள்ள நுண்மயிர்கள் நொடிக்கு 10 முறைக்கு மேல் அடித்து, சளியை நிமிடத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைக்குத் தள்ளுகின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம்.

சதை வளர்ந்தால் இந்த ஓட்டம் ஏன் குலைகிறது?

உரித்த திராட்சை போன்ற, வலியில்லாத இந்தச் சதை பெரும்பாலும் சைனஸ் அறைகளின் குறுகிய வாசல்களில் வளர்ந்து வழியை அடைக்கிறது. சதைக்குக் காரணமான நீடித்த அழற்சியோ நுண்மயிர் செல்களைச் சிதைத்து, சளி சுரக்கும் செல்களைப் பெருக்குகிறது. சளி கூடுகிறது, கெட்டியாகிறது. தள்ளும் கைகள் குறைகின்றன. தேங்கிய சளியில் கிருமி பெருக, அழற்சி மேலும் கூடுகிறது.

சளியின் ஓட்டத்தை எப்படி அளப்பது?

மூக்கினுள் சிறிது சாக்கரினை வைத்து, நாக்கில் இனிப்பு தெரியும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். வழக்கமாக 20 நிமிடத்துக்குள் தெரியும். ஓட்டம் மந்தமானால் தாமதமாகும்.

எப்படிச் சரிசெய்வது?

ஸ்டீராய்டு ஸ்பிரே அழற்சியைத் தணித்துச் சதையைச் சுருக்கும். உப்புநீர் கெட்டிச் சளியைக் கழுவும். அதற்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். போதாதபோது எண்டோஸ்கோப்பி அறுவை சிகிச்சை உண்டு. அறுவைக்குப் பிறகும் ஸ்பிரேயை நிறுத்தக் கூடாது. அழற்சி தொடர்ந்தால் சதை மீண்டும் வளரும். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தக்கசிவு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பாருங்கள்.