இமயத்தைத் தாண்டும் வரித்தலை வாத்து

வரித்தலை வாத்து மத்திய ஆசியாவின் உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தை இந்தியச் சமவெளிகளில் கழிக்கும் வலசைப் பறவை. உடல் வெளிர் சாம்பல் நிறம். வெள்ளைத் தலையின் பின்புறத்தில் குறுக்காக ஓடும் இரண்டு கறுப்புப் பட்டைகளே பெயருக்குக் காரணம். எடை 2 முதல் 3 கிலோ. மங்கோலியா, திபெத், சீனாவின் சிங்ஹாய் ஏரி, லடாக்கின் உப்பேரிகள் ஆகிய இடங்களில் கோடையில் கூடு கட்டும். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டி விடப்பட்ட வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் தென்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் இவற்றைப் பார்க்கத் தோதான இடம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம். அங்கே மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரைகளைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. குளத்தில் மிதந்துவிட்டு வயல்களில் புல் மேயப் போகும் இந்த வாத்துகளை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் விலங்கியலாளர்கள் அரை நூற்றாண்டாக விடாமல் ஆராய்ந்துவருவது இவற்றைத்தான்.

காரணம், கோடை இருப்பிடத்துக்கும் குளிர்கால இருப்பிடத்துக்கும் நடுவே இமயமலை நிற்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். ஏறத்தாழ 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியாகிறது. கழுகைப் போல இறக்கையை விரித்து மிதந்து போகும் உடலமைப்பும் வாத்துக்கு இல்லை. வழி நெடுகச் சிறகடித்தாக வேண்டும்; அதற்கு ஓய்வில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஆக்சிஜன் வேண்டும். காற்று மெலிந்தால் இறக்கைக்குக் கிடைக்கும் தாங்குவிசையும் குறையும். மூச்சுக்குக் காற்று போதாத இடத்தில்தான் இன்னும் பலமாகச் சிறகடிக்க வேண்டியிருக்கிறது.

மலையேறுபவர்கள் முகாம் முகாமாகத் தங்கி, வாரக்கணக்கில் உடலைப் பழக்கிக்கொண்டு மேலே போகிறார்கள். வாத்துக்கு அந்த அவகாசம் இல்லை. 2011இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு ஒன்றின்படி, கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளியிலிருந்து கிளம்பும் வாத்துகள் 7, 8 மணி நேரத்தில் இமயத்தின் தெற்குச் சரிவை ஏறி முடித்துவிடுகின்றன. பின்னாலிருந்து தள்ளும் காற்றின் உதவியையும் அவை எதிர்பார்ப்பதில்லை. பகலில் மலைச்சரிவில் மேல்நோக்கி வீசும் காற்றை விட்டுவிட்டு, பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் பறக்கின்றன. அப்போது காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், கொந்தளிப்பும் குறைவு.

இது எப்படி முடிகிறது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. மூக்கிலிருந்து தசை வரை ஆக்சிஜன் போகும் பாதை முழுவதிலும் சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கின்றன. பாதையின் தொடக்கம் நுரையீரல். மனித நுரையீரலில் காற்று உள்ளே போன வழியிலேயே திரும்புவதால் புதுக்காற்றும் பழைய காற்றும் கலந்துவிடுகின்றன. பறவைகளுக்கோ நுரையீரலோடு காற்றுப்பைகள் உண்டு. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலின் நுண்குழாய்கள் வழியே காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். இது எல்லாப் பறவைகளுக்கும் பொது. வரித்தலை வாத்துக்கு நுரையீரல் உடலளவுக்குச் சற்றுப் பெரிது. ஆக்சிஜன் குறைந்தால் மற்ற வாத்துகளைவிட ஆழமாகவும் மூச்சு வாங்கும். மனிதன் அப்படி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். பறவைகளின் மூளைக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது ரத்தம். அதிகம் பேசப்படும் மாற்றம் இங்கேதான் இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இரண்டு ஆல்பா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் கோத்த புரதம். ஆல்பா சங்கிலியின் 119ஆம் இடத்தில் பெரும்பாலான பறவைகளுக்குப் புரோலின் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. வரித்தலை வாத்துக்கு மட்டும் அந்த இடத்தில் அதைவிடச் சிறிய அலனின். இதனால் பக்கத்துப் பீட்டா சங்கிலியின் 55ஆம் இடத்தோடு இருந்த தொடுகை விட்டுப்போகிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விடும் நிலையிலிருந்து பிடிக்கும் நிலைக்கு எளிதாக மாறுகிறது. மெலிந்த காற்றிலும் நன்றாகப் பற்றிக்கொள்கிறது. ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிந்து 1962இல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பெரூட்ஸ் 1983இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார். 1991இல் அதே மாற்றத்தை மனித ஹீமோகுளோபினில் செயற்கையாகப் புகுத்திப் பார்த்தார்கள். அதுவும் முன்னைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பிடித்தது. ஊகத்தை இவ்வளவு நேரடியாகச் சரிபார்க்க வாய்ப்பது உயிரியலில் அபூர்வம்.

பாதையின் முடிவு தசை. பறக்கும் தசையில் ஒவ்வொரு இழையைச் சுற்றியும் மற்ற வாத்துகளுக்கு உள்ளதைவிட அதிகமான தந்துகிகள் ஓடுகின்றன. எரிபொருளை ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் செல்லின் ஓரத்தில், தந்துகிகளை ஒட்டிக் குவிந்திருக்கின்றன. இதனால் ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. இதயத்தின் இடது கீழறையிலும் தந்துகிகள் நெருக்கம். மலையையே பார்க்காமல் சமவெளியில் வளர்க்கப்பட்ட வாத்துகளிலும் இவை காணப்படுகின்றன; ஆகவே இது பழக்கத்தால் வந்ததல்ல, பரம்பரையாக வந்தது.

இத்தனையும் சேர்ந்தால் எவரெஸ்டுக்கு மேலே பறக்கலாமே என்று தோன்றும். அப்படி ஒரு புகழும் இந்தப் பறவைக்கு உண்டு. 1954இல் மகாலு சிகரப் பகுதிக்குப் போன அமெரிக்க உயிரியலாளர் லாரன்ஸ் ஸ்வான், இரவில் தலைக்கு மேலே வெகு உயரத்தில் வாத்துகளின் குரலைக் கேட்டதாக எழுதினார். அவை 8,485 மீட்டர் உயரச் சிகரத்தைக் கடக்கின்றன என்பது அவர் கணிப்பு. அது புத்தகம் புத்தகமாகப் பரவியது. ஆனால் 2013இல் வெளியான கண்காணிப்புத் தரவுகளில் பதிவான உச்சம் 7,290 மீட்டர்தான். பெரும்பாலான நேரம் அவை 5,500 மீட்டருக்குக் கீழேயே, கணவாய்களையும் பள்ளத்தாக்குகளையும் பிடித்துப் பறந்தன.

2015இல் இன்னும் சுவையான தகவல் கிடைத்தது. மங்கோலிய வாத்துகளின் உடலுக்குள் சிறு கருவிகளை வைத்து இதயத்துடிப்பு, சிறகடிப்பு, காற்றழுத்தம் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். சிறகடிக்கும் வேகம் 5 சதவீதம் கூடினால் இதயத்துடிப்பு ஏறத்தாழ 19 சதவீதமும், செலவாகும் ஆற்றல் 41 சதவீதமும் கூடுவது தெரிந்தது. மேலே போகப் போகச் செலவு தாறுமாறாக ஏறும். அதனால் வாத்துகள் ஒருமுறை ஏறிய உயரத்தைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் போவதில்லை. மலை ஏறினால் ஏறி, இறங்கினால் கூடவே இறங்கி, ராட்டினத்தில் போவதுபோல் போகின்றன. அரும்பாடுபட்டு ஏறிய உயரத்தை விட்டுக்கொடுப்பது வீண் என்று தோன்றினாலும், கணக்குப் பார்த்தால் மெலிந்த காற்றில் தொடர்ந்து பறப்பதைவிட இதுவே சிக்கனம். உடலில் இருக்கும் திறமையைக் கட்டாயம் நேர்ந்தாலொழிய முழுதாகச் செலவழிக்காததுதான் இந்தப் பறவையின் கெட்டிக்காரத்தனம்.

அந்தத் திறமையின் எல்லை எதுவரை? இதை அளக்க, ஆய்வாளர் ஜெசிகா மேயர் குஞ்சு பொரித்த நாள் முதல் வாத்துகளைத் தாயாக இருந்து வளர்த்தார். அவர் வண்டியில் போனால் பக்கத்திலேயே பறந்து வரும் அளவுக்கு அவை ஒட்டிக்கொண்டன. பிறகு கனடாவில் ஒரு காற்றுச் சுரங்கத்தில், முகமூடி மாட்டி ஆக்சிஜனைக் குறைத்துப் பறக்கவிட்டார்கள். ஏறத்தாழ 9,000 மீட்டர் உயரத்துக்குச் சமமான 7 சதவீத ஆக்சிஜனிலும் சில வாத்துகள் பறந்தன. அப்போது அவற்றின் உடல் ஆற்றல் செலவைக் குறைத்துக்கொண்டது; இதயம் கூடுதலாகத் துடிக்கவில்லை. சிரைகளின் ரத்தம் குளிர்ந்தது. குளிர்ந்த ஹீமோகுளோபின் கூடுதல் ஆக்சிஜனைப் பிடிக்கும். ஆய்வு 2019இல் வெளியானபோது மேயர் விண்வெளி வீராங்கனையாகி இருந்தார்.

உயரத்தைச் சமாளிக்க இது ஒன்றே வழி என்றும் சொல்ல முடியாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் ஆண்டு முழுவதும் வாழும் ஆண்டிஸ் வாத்துக்கு ஆல்பா சங்கிலியின் 119ஆம் இடம் மாறவில்லை. மாறியது மறுமுனையில் உள்ள பீட்டா சங்கிலியின் 55ஆம் இடம். விட்டுப்போன தொடுகை அதேதான், கிடைத்த பலனும் அதேதான். ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் அது வரித்தலை வாத்தைப் போல மூச்சை அதிகம் கூட்டுவதில்லை. உள்ளே வந்த காற்றிலிருந்து கூடுதல் பங்கை நுரையீரலில் உறிஞ்சிக்கொள்கிறது.