அந்தரத்தில் பெட்டி நின்றுவிட்டால்...

ஊரிலிருந்து அப்பா அம்மாவோ, மாமனார் மாமியாரோ வந்துவிட்டால் தில்லியில் குடியிருக்கும் நமக்கு ஒரு கடமை காத்திருக்கும். ஹரித்துவாரம், ரிஷிகேசம், வைஷ்ணவி தேவி, முடிந்தால் சிம்லா என்று ஒரு சுற்று காட்டாமல் அவர்களை மீண்டும் ரயிலேற்ற மனம் வராது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு இத்தகைய மலைத்தலங்களில் கைகொடுப்பது ரோப்வே. ஹரித்துவாரத்தில் மானசா தேவி கோயிலுக்கு ரோப்வே அமைந்திருக்கிறது. வைஷ்ணவி தேவியில் பவனிலிருந்து பைரவர் கோயிலுக்கு 2018 டிசம்பரில் வந்தது. வடக்கே இதை 'உடன் கடோலா' என்பார்கள். பறக்கும் கட்டில் என்று பொருள். பழநிக்குப் போய்வந்தவர்களுக்கு இது ரோப் கார்.

இதில் ஏறும் நம்மில் எத்தனை பேர், பெட்டி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யோசித்திருக்கிறோம்? அப்படி நிற்பது அரிதுதான். ஆனால் நின்றபோது நடந்தவற்றைப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. தொங்கும் பெட்டியைக் காட்டிலும், அதிலிருந்து வெளியேறும் நேரமே பல சமயம் ஆபத்தானது.

ரோப்வே எப்படி ஓடுகிறது?

ரோப்வேயில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்றில், ஒரே எஃகு வடம் பெட்டிகளைத் தாங்கியபடி சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டியின் மேலுள்ள பிடி அந்த வடத்தைக் கவ்விக்கொள்ளும். மற்றொன்றில் இரண்டு வேலைக்கு இரண்டு வடம். அசையாத தடித்த வடம் பெட்டியைத் தாங்கும். இன்னொரு வடம் இழுத்துச் செல்லும். இழுவை வடம் அறுந்தால், பெட்டியின் மேலுள்ள தானியங்கி பிரேக் தாங்கு வடத்தைக் கவ்வி நிறுத்திவிட வேண்டும்.

இத்தாலியில் மோட்டரோனே மலையில் 2021 மே 23 அன்று இழுவை வடம் அறுந்தபோது அந்த பிரேக் வேலை செய்யவில்லை. பெட்டி அடிக்கடி நின்று தொந்தரவு தருகிறது என்று, அது இயங்காதபடி ஏற்கெனவே தடுத்து வைத்திருந்தார்கள். 14 பேர் இறந்தார்கள்.

மின்சாரம் போனால் ஓட்டுவதற்கு டீசல் எஞ்சினும், காற்றின் வேகத்தை அளக்கும் கருவியும் நிலையத்தில் இருக்கும். வயதானவர்களும் குழந்தைகளும் ஏறி இறங்கும்போது வடத்தையே சிறிது நேரம் நிறுத்துவதும் உண்டு. ஆகவே இரண்டொரு நிமிடம் பெட்டி நின்றால் கலங்க வேண்டியதில்லை.

பர்வானூவும் தேவ்கரும்

சிம்லா போகும் வழியில், கால்காவைத் தாண்டியதும் பர்வானூ வரும். அங்குள்ள டிம்பர் டிரெயில் ரோப்வேயில் 1992 அக்டோபரில் இழுவை வடம் அறுந்தது. பெட்டி பின்னோக்கிச் சரிந்து, ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே நடுவழியில் நின்றது. அதை இயக்கிவந்த பணியாளர் வெளியே குதித்து உயிரிழந்தார். உள்ளேயே இருந்த பயணிகள் பத்துப் பேரும் பிழைத்தார்கள். ராணுவத்தின் மேஜர் இவான் ஜோசப் கிராஸ்டோ ஹெலிகாப்டரிலிருந்து பெட்டியின் மேல் இறங்கி ஒவ்வொருவராக ஏற்றி அனுப்பினார். இருட்டிவிட்டதால் மீதமிருந்தவர்களுக்குத் துணையாக அவரும் அந்தப் பெட்டியிலேயே இரவைக் கழித்தார். அதே இடத்தில் 2022 ஜூன் 20 அன்று மீண்டும் பெட்டி நின்றபோது, சிக்கிய 11 பேரும் கயிறு கட்டிப் பத்திரமாக இறக்கப்பட்டார்கள்.

ஜார்க்கண்டில் தேவ்கரை அடுத்த திரிகூட மலையில் 2022 ஏப்ரல் 10, ராமநவமியன்று ரோப்வே விபத்து நேர்ந்தது. பல பெட்டிகளில் இருந்தவர்கள் அந்தரத்தில் சிக்கிக்கொண்டார்கள். மீட்புப் பணி முடிய 40 மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த விபத்தில் மாண்ட மூவரில் இருவர், மீட்கப்படும்போது கீழே விழுந்தவர்கள். மீட்கப் போனவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அந்த வேலை அவ்வளவு கடினமானது.

இதன்பின் மத்திய உள்துறை அமைச்சகம், ரோப்வேக்கள் அனைத்தையும் பாதுகாப்புத் தணிக்கை செய்யுமாறு மாநில அரசுகளைக் கேட்டுக்கொண்டது.

ஏறுவதற்கு முன்

காற்று பலமாக வீசினாலோ, இடி மின்னல் தெரிந்தாலோ பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். காஷ்மீரத்தின் குல்மார்கில் 2017 ஜூன் 25 அன்று பலத்த காற்றில் மரம் சாய்ந்ததால் நேர்ந்த ரோப்வே விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். "இன்று காற்று அதிகம், வண்டி ஓடாது" என்று ஊழியர் சொன்னால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவர் நம் உயிரைக் காக்கத்தான் சொல்கிறார். பழநியில் 2007இல் ரோப் கார் விபத்தில் நால்வர் இறந்தார்கள். பராமரிப்புக்காக அங்கே தினமும் சிறிது நேரமும், மாதத்தில் ஒரு நாளும், ஆண்டுக்கு ஒருமுறை பல நாட்களும் நிறுத்துகிறார்கள். ஏமாற்றமாக இருந்தாலும் அது நன்மைக்கே.

பெட்டியில் எழுதியுள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட ஏற வேண்டாம். "குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்பதையும் ஊழியரைக் கேட்டே செய்யுங்கள். பெட்டியின் எண்ணையும், உதவிக்கான தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், ஒரு ஸ்வெட்டர், அன்றைய மாத்திரைகள், சர்க்கரை நோயாளிக்குக் கொஞ்சம் இனிப்பு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். கைபேசியில் சார்ஜ் இருக்கட்டும்.

நம்மவர்கள் மறக்கக்கூடாதது இன்னொன்று உண்டு. கூட்டத்தில், இந்தி தெரியாத பெரியவர்களை மட்டும் தனிப் பெட்டியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். ஒலிபெருக்கியில் இந்தியில் சொல்வது அவர்களுக்குப் புரியாது. மீட்க வருபவர் சொல்வதும் புரியாது. இந்தி அறிந்த ஒருவர், பள்ளிக்கூடத்துப் பேரனோ பேத்தியோ ஆனாலும், அவர்களுடன் இருக்கட்டும்.

நின்றுவிட்டால்

முதலில் உட்காருங்கள். இரு பக்கமும் சம எடையாக அமர்ந்து, பெட்டியை ஆட்டாமல் இருங்கள். கதவைத் திறக்கவோ, எட்டிப் பார்க்கவோ, குதிக்கவோ முயல வேண்டாம். நிலையத்துக்குத் தொலைபேசியில் பெட்டி எண், உள்ளே எத்தனை பேர், யாருக்கு உடல்நலமில்லை என்று சொல்லுங்கள். நிலையம் கிடைக்காவிட்டால் 112. ஒரு கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள். தண்ணீரை ஒரேயடியாகக் குடித்துவிடாமல் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

கீழே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். முதலில் டீசல் எஞ்சினால் வடத்தை மெல்ல ஓட்டி எல்லாப் பெட்டிகளையும் நிலையம் சேர்க்கப் பார்ப்பார்கள். அது முடியாவிட்டால் வீரர்கள் வடத்தின் வழியே வந்து, இடுப்பிலும் தொடையிலும் வார்ப்பட்டை மாட்டி, கயிற்றில் ஒவ்வொருவராக இறக்குவார்கள். உயரமும் பள்ளமும் அதற்கும் இடம் தராதபோதுதான் ஹெலிகாப்டர்.

மீட்பவர் வந்ததும் அவர் சொல்லும் வரிசைதான் வரிசை. வார்ப்பட்டையின் கொக்கிகளை நாமாகத் தொடக்கூடாது. அவர் கையையோ கயிற்றையோ பதற்றத்தில் பிடித்து இழுக்கக்கூடாது. பை, செருப்பு, பிரசாதம் எதுவானாலும் பெட்டியிலேயே கிடக்கட்டும். புடவை அணிந்தவர்கள் தலைப்பை இறுகச் செருகிக்கொண்டால் வார்ப்பட்டையில் சிக்காது. இறங்கும்போது கீழே பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தால் தலைசுற்றாது.

இவ்வளவும் படித்துவிட்டு ரோப்வே பக்கமே போவதில்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மலையேற முடியாதவர்களுக்கும் சாமி தரிசனம் கிடைக்கச் செய்யும் வசதி இது. டிக்கெட் வரிசையில் நிற்கும் நேரத்தில், "வண்டி நின்றால் எழுந்திருக்கக்கூடாது, கதவைத் தொடக்கூடாது, கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்" என்று வீட்டுப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். சொல்ல ஒரு நிமிடம் போதும்.