தறிக்கூடத்துக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?

விசைத்தறிச் சேலைக்குப் பேர்போன சங்கரன்கோவிலில், வீட்டை ஒட்டி இருபதடிக்கு முப்பதடி காலி இடம் இருந்தால் அதில் நாலு தறி போடலாமே என்ற யோசனை வராமல் இருக்காது. வீட்டுச் சுவரிலிருந்தே கூரையை இறக்கிவிட்டால் ஒரு சுவர்ச் செலவு மிச்சம் என்றும் தோன்றும். அந்த மிச்சம் வேண்டாம். நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிவாங்கி ஓடுகிறது. ஒவ்வொரு ஊடை இழைக்கும் பலகை ஒரு முறை மோதுகிறது. அந்த அதிர்வு தரை வழியாகச் சுவருக்கும், சுவர் வழியாகப் படுக்கையறைக்கும் போகும். தறிக்கூடத்துக்குத் தனி அஸ்திவாரம், தனிச் சுவர், நடுவே நாலடி சந்து. இதில் சமரசம் கூடாது.

அடுத்தது திசை. வாஸ்து பார்ப்பவர்கள் பார்க்கட்டும். சூரியனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். தொழிற்கூடத்துக்கு வடக்கு வெளிச்சமே சிறந்தது என்பது பாடப்புத்தக விதி. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளின் கூரை ரம்பப் பல் வடிவில் இருக்கும், கண்ணாடி வடக்கு நோக்கி இருக்கும். அந்த ஊர் ஏறக்குறைய 54 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே போவதில்லை. சங்கரன்கோவில் இருப்பதோ 9 டிகிரியில். ஏப்ரல் நடுவில் உச்சந்தலைக்கு மேல் வரும் சூரியன், அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கும். ஆக, கோடையின் பெரும்பகுதியில் வடக்கு ஜன்னலிலும் வெயில் அடிக்கும்.

அதற்காக விதியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கணக்கை மாற்றினால் போதும். ஜூன் 21 நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே 14 டிகிரிதான் விலகும். நாலடி உயர ஜன்னலுக்கு ஓரடி சன்ஷேட் அதை மறைத்துவிடும். தெற்கு ஜன்னலுக்கு டிசம்பரில் விலகல் 33 டிகிரி. அங்கே இரண்டரை அடி நீட்ட வேண்டும். வடக்குதான் இன்னும் மலிவு. காலையிலும் மாலையிலும் மூலையிலிருந்து சாய்ந்து வரும் வெயிலுக்கு ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்துப் பலகை வைத்தால் சரி. கூடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். மேற்குச் சுவர் குட்டையாக, ஜன்னல் இல்லாமல் இருக்கட்டும்.

கூரைக்குத் தகர ஷீட் என்றால் வெள்ளை பூசாமல் விடக் கூடாது. பளபளக்கும் தகரம் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவது உண்மை. ஆனால் வாங்கிய சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுவதில் அது மகா மந்தம். வெள்ளைப் பூச்சு இரண்டையும் நன்றாகச் செய்யும். சூடேறிய ஷீட் கீழே நிற்பவர் தலைமேல் நேராகக் கதிர்வீசுவதால் மின்விசிறி எவ்வளவு சுற்றினாலும் அந்தச் சூடு குறையாது.

இனிதான் சிக்கலான விஷயம், காற்றின் ஈரம். பருத்தி விநோதமான நார். ரேயான் நனைந்தால் பலம் குறையும். பருத்திக்கு நனைந்தால் பலம் கூடும். காற்று காய்ந்தால் பாவில் போட்ட கஞ்சி மொறமொறத்து உதிரும், இழை அறும், தறி நிற்கும். பருத்தி நெசவுக்கு 75 முதல் 80 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்பது ஜவுளிப் பொறியாளர்களின் கணக்கு. குழித்தறி காலத்தில் பாவு தரையை ஒட்டியே கிடந்தது. மண்ணின் ஈரம் பாதி வேலையைப் பார்த்துக்கொண்டது.

நம் இருபதுக்கு முப்பது கூடத்துக்குப் பன்னிரண்டடி உயரம் வைத்தால், உள்ளே சுமார் 200 கனமீட்டர் காற்று. 35 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 40 கிராம் நீராவி தாங்கும். ஈரப்பதத்தை 50 சதவீதத்திலிருந்து 75க்கு ஏற்ற, கனமீட்டருக்குப் பத்து கிராம், மொத்தம் இரண்டே லிட்டர் தண்ணீர். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஜன்னல் வழியே மணிக்குப் பத்து முறை காற்று மாறினால் அது மணிக்கு இருபது லிட்டர் ஆகிவிடும். இழைக்காக ஜன்னலைச் சாத்தினால் மனிதருக்கு மூச்சுமுட்டும். ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாது; ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிரவைக்காது.

இந்தச் சண்டை பழையது. லங்காஷயர் முதலாளிகள் இழை அறாமலிருக்க நெசவுக்கூடத்துக்குள் நீராவியையே செலுத்தினார்கள். நெசவாளர்கள் போராடிய பிறகு, 1889இல் பருத்தித் துணி ஆலைச் சட்டம் எந்த வெப்பத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தது. நீராவி ஈரத்தோடு சூட்டையும் கொண்டுவரும். தரையில் தண்ணீர் தெளிக்கும் நம்மூர்ப் பழக்கம் அதைவிட நல்ல அறிவியல் என்பேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை விழுங்குகிறது. நாலு தறிக்கும் தலா ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால், முழுச் சுமையில் அவை கக்கும் சூடு மூன்று இஸ்திரிப் பெட்டிகளை மூட்டி வைத்த மாதிரி. அதைத் தின்ன மணிக்கு நாலைந்து லிட்டர் ஆவியானால் போதும். தெளிக்கும்போது சுவிட்சுப் பெட்டியும் மோட்டாரும் நனையக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாலு தறியும் முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு 3 யூனிட். விசைத்தறிக்கு அரசு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தரும் இலவச மின்சாரம் 2023இல் 750 யூனிட்டிலிருந்து 1000 ஆனது. முழுச் சுமைக் கணக்கில் அது 333 மணி நேரத்துக்கு வரும். விளக்கும் விசிறியும் வேறு அதில் பங்கு கேட்கும்.

செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி ஆடியில் பாயும் மேல்காற்றை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. தறிக்கூடத்துக்கு அது பகை. மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு இறங்கும் காற்று சூடேறி, காய்ந்து வருகிறது. கூரைமேல் வேகமாகப் போகும்போது மேலே அழுத்தம் குறைவதால் ஷீட்டை உறிஞ்சித் தூக்கவும் பார்க்கும். ஓரத்து வரிசைகளில் கொக்கிகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

புற்றுமண்ணைப் பிரசாதமாகத் தரும் கோவில் ஊரில் அஸ்திவாரத்து மண்ணையும் கவனிக்காமல் விடலாமா? செம்மண் என்றால் கவலை குறைவு. கரிசல் என்றால் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், தரை மட்டம் தவறும், தறி கோணும். அடியில் குமிழ்போல் விரியும் கான்கிரீட் தூண்களை ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துக் கொடுத்தது இத்தகைய மண்ணுக்காகத்தான். ஈரம் மாறாத ஆழத்தில் அவை ஊன்றிக்கொள்ளும்.

கடைசியாகச் சத்தம். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 90 டெசிபெல். நாடாத் தறிகள் ஓடும் கூடம் சாதாரணமாகவே அதைத் தாண்டும். தறிகளை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். வழவழப்பான சிமென்ட் பூச்சில் ஒலி எதிரொலித்துத் திரும்புவதால் தறியைவிட்டு நகர்ந்து நின்றாலும் பெரிதாகக் குறையாது. தனிச் சுவரும் சந்தும் வீட்டில் தூங்குபவரைக் காக்கும், உள்ளே நிற்பவரை அல்ல. கைக்கெட்டும் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டால் தடுப்பது சில டெசிபெல். மருந்துக்கடையில் விற்கும் நுரை அடைப்பானை உருட்டிச் சரியாகப் பொருத்தினால் இருபது வரை தடுக்கும்.