ஹம்மிங் பறவைக்கு எந்தப் பாத்திரம்?

வட அமெரிக்காவின் கிழக்குப் பிரதேசங்களுக்கு வசந்த காலந்தோறும் வந்து சேரும் மாணிக்கக் கழுத்து ஹம்மிங் பறவை, ஏறத்தாழ 3 கிராம் எடையே உடையதாயினும், அந்தரத்தில் நின்றவாறே சிறகடிப்பதற்குச் செலவாகும் சக்தியை ஈடுசெய்ய ஓயாமல் பூந்தேனை நாடுவதால், தோட்டத்தில் அதற்கெனச் சர்க்கரை நீர் வைக்கும் வழக்கம் அங்கே பரவியிருக்கிறது.

அதற்கான பாத்திரங்களுள், கவிழ்த்த புட்டி வடிவிலானது பார்வைக்கு அழகானதுதான். ஆனால் அதனுள் அடைபட்ட காற்று வெயிலில் சூடேறி விரிவடைந்து திரவத்தைக் கீழ்நோக்கித் தள்ள, அது சொட்டுச் சொட்டாக ஒழுகி எறும்புகளையும் தேனீக்களையும் வரவழைத்துவிடுகிறது. தட்டு வடிவப் பாத்திரத்திலோ திரவம், பறவை அலகை நுழைக்கும் துவாரங்களுக்குக் கீழே நிற்பதால், பறவையின் நீண்ட நாக்குக்கு எட்டுவது தேனீயின் குறுகிய நாக்குக்கு எட்டுவதில்லை, கழுவுவதும் சுலபம், ஆகவே அதுவே சிரேஷ்டமானது என்பேன். தொங்கவிடும் கம்பியில் நீர் நிரப்பிய சிறு கிண்ணமொன்றைக் கோத்துவிட்டால் எறும்பும் தடைப்படும்.

சிவப்பு நிறம் அப்பறவையைக் கவர்வது உண்மையே. எனினும் துவாரங்களைச் சூழ்ந்த சிவப்பே அதற்குப் போதுமாதலால், நீரில் சாயம் கலப்பது அநாவசியம். 1 பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு 4 பங்கு நீர் என்பது தகுந்த விகிதம். தேனைக் கலந்தால் பூஞ்சணம் விரைந்து பற்றும். கடுங்கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறையேனும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்ப வேண்டும். இதற்கு அவகாசமில்லாதவர்கள், குழல் வடிவச் செம்மலர்கள் பூக்கும் அப்பிரதேசத்துக் கொடியொன்றை வேலியில் படரவிடுவதே உத்தமம்.