பரவைக் குரல் கூட்டிவரும் மனிதர்கள்

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் விளாங்குடியைத் தாண்டினால் பரவை. காய்கறி மார்க்கெட்டுக்கு வரும் லாரிகள், மில், கண்மாய், வயல் இருந்த இடத்தில் கல் ஊன்றிய பிளாட்டுகள் என்று கிராமமும் டவுனும் கலந்து கிடக்கிற ஊர். வெளி மாவட்டத்துக்காரர்களிடம் பரவை என்று சொல்லிப் பாருங்கள். மார்க்கெட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். “முனியம்மா ஊரா?” என்றுதான் கேட்பார்கள்.

2003 பொங்கலுக்கு வந்த ‘தூள்’ படத்தில் பாட்டி வேடத்தில் நடித்தார் பரவை முனியம்மா. தரணி இயக்கி, வித்யாசாகர் இசையமைத்த படம். கதாநாயகன் சண்டை போடுகிற நேரத்தில் முனியம்மா தொண்டையைத் திறந்து பாடுவார். பாட்டுக்குள் கதாநாயகனை மதுரைவீரனாக்கிவிடுவார். அந்த வருடத்திலிருந்து நம் பக்கத்துக் கொடை, காதுகுத்து, முளைப்பாரி எதுவும் அந்தப் பாட்டு இல்லாமல் நடந்ததாக நினைவில்லை. சினிமா அவரைக் கண்டுபிடித்தது போல அப்போது எழுதினார்கள். உண்மையில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் கிராமத்துப் பாட்டு மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர்.

இன்றைக்கும் எங்காவது டீக்கடையில் அந்தப் பாட்டு ஓடினால் நம் முன்னால் வந்து நிற்பது விக்ரம் இல்லை. புளியமரத்தில் கட்டிய குழாய் ரேடியோ, சாமி வந்து ஆடிய சின்னையா, அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாமா, கூழ்ப்பானைக்குப் பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாச்சி. இவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. போட்டோவைப் பார்த்தால் முகம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. பாட்டைக் கேட்டால் அன்றைய வெயில், புழுதி, யார் யாரோடு சண்டை என்பது வரை வந்துவிடுகிறது. மறதி நோய் முற்றிப் பிள்ளைகளின் பெயரை மறந்த பெரியவர்கள்கூட இளவயதில் பாடிய பாட்டை வரி பிசகாமல் பாடுவதை மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

முனியம்மா எந்தத் தெரு என்று தேடுவது நம் வேலையில்லை. அவர் பெயர் சொல்லிப் பாடிய ஆள் எந்தத் தெரு என்பது இந்தப் பத்திக்குரிய கேள்வி.

மதுரைவீரன் கதை எல்லோருக்கும் தெரியும். அருந்ததியர் தம்பதி வளர்த்த பிள்ளை. பாளையக்காரர் மகள் பொம்மியை விரும்பி மணந்தவன். மதுரைக்கு வந்து நாயக்க மன்னரிடம் படைத்தலைவனாகி, வழிப்பறிக்காரர்களை அடக்கியவன். அரண்மனை நாட்டியக்காரி வெள்ளையம்மாளை நேசித்தான் என்பதற்காக மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காசி மன்னனுக்குப் பிறந்து, மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்ட பிள்ளை என்று கதையின் முன்பகுதி சொல்கிறது. ‘தாழ்ந்த’ சாதிக்காரன் பாளையக்காரர் மகளை மணந்தான் என்பதைத் தாங்க முடியாமல் பின்னாளில் ஒட்டவைத்த பகுதி இது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எங்கள் தெருவில் கதை சொன்ன கிழவிகள் காசி ராஜாவை ஒரு மூச்சில் கடந்துவிட்டு, செருப்புத் தைக்கிற வீட்டில் பிள்ளை வளர்ந்த கதையைத்தான் விடிய விடியச் சொல்வார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ வந்து ஓடு ஓடென்று ஓடியது. அந்தப் படத்தைப் பார்த்த கதையைச் சொல்லாத தாத்தாக்கள் இந்தப் பக்கம் குறைவு.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் மதுரைவீரனுக்குச் சன்னதி உண்டு. வாசல் காவலாக வெளியே நிற்கிறான். அவனை வளர்த்த சாதி மக்கள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் வைத்தியநாத ஐயர் ஏற்பாட்டில், பின்னாளில் அமைச்சரான மேலூர் தும்பைப்பட்டி கக்கன் உள்ளிட்டவர்கள் உள்ளே நுழைந்தார்கள். அதுவரை அவன் கதையைப் பாட்டும் உடுக்கும் பறையும்தான் தெருத்தெருவாகச் சுமந்தன. சினிமாப் பாட்டில் முனியம்மா அந்தப் பெயரை எடுத்ததும் ஊர் அதிர்ந்ததற்கு இந்தப் பழைய கணக்கும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

ஒப்பாரியில் இருக்கும் வம்சாவளி

நம் மக்களில் எத்தனை பேர் வீட்டில் மூன்று தலைமுறைக்கு முந்தியவர்களின் போட்டோ இருக்கிறது? பட்டா இருந்தால் பெயர் இருக்கும். பள்ளிக்கூடம் போயிருந்தால் பதிவேட்டில் பெயர் இருக்கும். இரண்டும் இல்லாதவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? ஒப்பாரியில் இருக்கிறது.

சாவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். செத்தவருக்காகத் தொடங்கும் பாட்டு, கொஞ்ச நேரத்தில் பாடுகிறவளின் செத்துப்போன அம்மாவுக்குப் போகும், சீர் செய்யாத அண்ணனுக்குப் போகும், பிறந்து பத்து நாளில் போன பிள்ளைக்குப் போகும். முறை சொல்லி, ஊர் சொல்லி, பெயர் சொல்லி அழுவார்கள். வாழ்நாளெல்லாம் வாய் திறக்காத மருமகள், மாமியார் செத்த வீட்டில் முப்பது வருடக் கணக்கையும் ராகம் போட்டுத் தீர்ப்பதை நாம் கேட்டிருக்கிறோம். யாரும் தடுக்க மாட்டார்கள். பாட்டுக்கு அந்த உரிமை இருந்தது.

நடவுப் பாட்டுக்கும் அந்த உரிமை இருந்தது. குனிந்து நாற்று வைத்துக்கொண்டே பின்னால் நகர்கிற வேலை. ஒருத்தி முதலடி பாட, வரிசை பதில் பாடும், இடையில் குலவை. வரப்பில் நிற்கிற மிராசுவிடம் நேரே சொல்ல முடியாததைப் பாட்டில் வைத்துச் சொல்வார்கள். கூலி நெல் அளக்கிற மரக்கால் சிறுத்துப்போனது அதில் வரும், கங்காணியின் கண் போகிற திசையும் வரும். கேட்கிறவருக்கும் தெரியும், பாடுகிறவருக்கும் தெரியும். கேலி என்று சிரித்துவிட்டுப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது.

அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் 1903இல் வெளியிட்ட புத்தகத்தின் கடைசி அத்தியாயம் முழுக்க அடிமைகளின் துயரப் பாடல்களைப் பற்றியது. அதில் தன் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்கிறார். அவருடைய தாத்தாவின் பாட்டியை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு, மடியில் பிள்ளையை வைத்து அவள் ஒரு பாட்டுப் பாடுவாளாம். அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்குப் பாட, அது அடுத்த பிள்ளைக்குப் போக, டு பாய்ஸ் வரை வந்து சேர்ந்தது. சொற்களின் பொருள் யாருக்கும் தெரியாது. ராகம் மட்டும் என்ன சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும் என்கிறார் அவர்.

இதைப் படித்தபோது நம் அம்மாச்சி ஞாபகம்தான் வந்தது. யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் அவர் அழுகையில் ஒரு பெண் பெயர் வரும். அக்காவா, தங்கையா, கூட வேலை பார்த்தவரா, எப்படிச் செத்தார், ஏன் அம்மாச்சி கடைசி வரை அவருக்காக அழுதார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டுவைக்கவில்லை. இப்போது சொல்ல ஆளில்லை.

பறை கொண்டுவரும் இரண்டு நினைவுகள்

பாட்டு என்றால் இனிமையான நினைவு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக நமக்கு வசதியில்லை. பறை இருக்கிறது.

வைக்கோலைக் கொளுத்தி பறையைக் காய்ச்சி, அடிக்குச்சியையும் சுண்டுக்குச்சியையும் கையில் எடுத்து முதல் அடி விழும்போது இளசுகளுக்குக் கால் நிற்காது. அதே சத்தத்தைக் கேட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுகிற பெரியவர்களும் நம் தெருவில் உண்டு. நடுராத்திரியில் ஆள் அனுப்பி, மேலத்தெருச் சாவுக்கு வா என்று கூப்பிட்ட காலம் அவர்களுக்கு அந்தச் சத்தத்தில் கேட்கிறது. மறுக்க முடியாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விடிய விடிய அடித்துவிட்டு, கூலியை எட்ட நின்று வாங்கிய அப்பாவின் முகம் அந்தச் சத்தத்தில் வருகிறது. சங்கப் பாட்டில் பறை இருக்கிறது, தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை சொல்கிறது என்று மேடையில் பேசுகிறோம். நல்லதுதான். ஆனால் ஆங்கில அகராதியில் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளில் ஏறி உட்கார்ந்திருக்கிற சொல்லும் இந்தக் கருவியோடு ஒட்டியதுதான் என்பதை அந்தப் பெரியவர்கள் உடம்பால் அறிந்தவர்கள்.

அதனால்தான் எல். இளையபெருமாள் போன்ற தலைவர்கள், சாதிக் கடமையாகப் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லி ஊர் ஊராகப் போனார்கள். அடிக்க மறுத்ததற்காக அடி வாங்கிய சேரிகள் உண்டு. பிறகு 1990களில் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. இழிவு கருவியில் இல்லை, கட்டாயத்தில்தான் இருக்கிறது என்றது அது. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, கிராமத்து மெட்டிலும் தாளத்திலும் வழிபாட்டுப் பாடல்களையே அமைத்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். நாட்டுப்புறவியலாளர் கே.ஏ. குணசேகரன் மேடையிலும் ஆய்விலும் இந்தப் பாட்டுகளைத் தூக்கிப் பிடித்தார். ‘வடு’ என்ற அவருடைய தன்வரலாற்றை மாணவர்கள் ஒரே மூச்சில் படித்துவிடலாம், சின்னப் புத்தகம்தான்.

பரவைக்கு வடக்கே அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டுக்குப் பேர் போன அந்த ஊரைச் சேர்ந்த பறை ஆசான் வேலுவுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவரிடம் கற்றுக்கொண்ட இளைஞர்கள் இன்று கல்லூரி மேடைகளில் ஏறுகிறார்கள்.

எழுந்து உள்ளே போகிற பெரியவர், மேடையில் ஆடுகிற பேரன் இருவரில் யார் சரி என்று நம்மிடம் கேட்கிறார்கள். தாத்தாவைப் பழமைவாதி என்று பேரன் சொல்வதை நாம் ஏற்பதில்லை. அவர் உள்ளே போவதற்குள்ள உரிமையும் பேரன் அடிப்பதற்குள்ள உரிமையும் ஒரே போராட்டத்தில் வந்தவை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. கூப்பிடுகிறவர் பணம் பேசி, மரியாதையாகக் கூப்பிடுகிறாரா, அல்லது இது உங்கள் வேலை என்று சொல்லி அனுப்புகிறாரா? இரண்டாவதாக இருந்தால் மறுப்பதற்குச் சட்டம் துணை நிற்கும். பிணம் சுமக்கவும் குழி தோண்டவும் கட்டாயப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். தண்டோரா போடுவதைக் கைவிட வேண்டும், அறிவிப்புக்கு ஒலிபெருக்கி வண்டி போதும் என்று 2022இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார்.

இதற்கிடையில் பாட்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன. நடவு மெஷின் வந்த வயலில் யார் பாடுவது? சாவு வீட்டுக்கு மைக் செட்டோடு ஒப்பாரிக் குழு வந்துவிட்டால் சொந்தக்காரப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்கள் தொழில், குறை சொல்லவில்லை. ஆனால் குழுவின் பாட்டில் எல்லா வீட்டு அப்பாவும் ஒரே அப்பாதான்.

கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறோம். கையில் போன் இருக்கிறது. அப்பத்தாவை உட்காரவைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒப்பாரியைச் சும்மா பாடச் சொன்னால் வீட்டுக்கு ஆகாது என்று மறுப்பார்கள். வற்புறுத்தாதீர்கள், நடவுப் பாட்டிலோ தாலாட்டிலோ தொடங்குங்கள். பாட்டோடு நிறுத்திவிடாமல் யாரிடம் கற்றீர்கள், எந்த வயலில் பாடினீர்கள், இதில் வருகிற பெயர் யார் என்று கேட்டு அதையும் பதிவு செய்யுங்கள். பின்னால் மியூசிக் சேர்த்து யூடியூபில் போடுவது பிறகு இருக்கட்டும். முதலில் போடுவதற்கு முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள்.

முனியம்மாவுக்குப் புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. உடல் நலிந்து கஷ்டப்படுவதாகச் செய்தி வந்த பிறகு, 2015இல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அவர் பெயரில் 6 லட்சம் ரூபாய் வைப்பு நிதி போட்டு, வட்டியாக மாதம் 6,000 ரூபாய் கிடைக்க வழி செய்தார். அப்படியொரு செய்தி வெளிவராத பாட்டுக்காரிகள் எத்தனை பேர் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2020 மார்ச் 29 அன்று அவர் காலமானார். கொரோனா ஊரடங்கு தொடங்கி ஐந்தாவது நாள். பஸ் இல்லை, ரயில் இல்லை, கூட்டம் கூடத் தடை. வெளியூரிலிருந்து யாரும் வர முடியாது. எத்தனையோ ஊரைக் கூட்டிவைத்துப் பாடியவரின் துக்கத்துக்கு ஊர் கூட முடியாமல் போனது. அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் போனை வைத்து அந்தப் பாட்டைப் போட்டார்கள். எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, பாட்டு முடியும் வரை நின்றுவிட்டு உள்ளே போனார்.