கையைப் பிடித்துப் பார்த்த டாக்டர்



வெளிநாட்டு சர்ச்சிலிருந்து பத்து நாள், இருபது நாள் என்று சேவை செய்ய வருகிறவர்களைப் பற்றி நம் ஜனங்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "கடல் தாண்டி வந்து செய்யறாங்களே, நம்ம ஆளுங்க செய்வாங்களா?" என்பார்கள் சிலர். "மதம் மாத்தத்தான் வர்றாங்க, ரெண்டு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க" என்பார்கள் வேறு சிலர். நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. ஆனாலும் எங்கள் வேடந்தாங்கலிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய செங்கல்பட்டுப் பக்கம் நடந்த ஒரு விஷயத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசை.

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் தொழுநோய்க்கென்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி உண்டு. 1955-லிருந்து மத்திய அரசு நடத்துகிறது. முன்பு அதற்கு லேடி வெலிங்டன் பெயர் இருந்தது. ராபர்ட் காக்ரேன் என்ற மிஷனரி டாக்டர் அங்கே இருந்தார். 'குஷ்டம்' என்றால் பெற்ற பிள்ளையையே வாசலுக்கு வெளியே நிறுத்திய காலம் அது.

1947-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலிருந்து பால் பிராண்ட் என்ற டாக்டர் அங்கே வந்தார். இங்கிலீஷ்காரர் என்றாலும் 1914-ல் அவர் பிறந்தது நம் கொல்லிமலையில். அப்பா, அம்மா இரண்டு பேரும் மிஷனரிகள். ஒன்பது வயதுவரை மலையில் வளர்ந்து, படிப்புக்காக இங்கிலாந்து போனவர். அப்பா 1929-ல் மலையிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ஈவ்லின் அதற்குப் பிறகும் மலை ஜனங்களுக்காகவே உழைத்து, 1974-ல் 95 வயதில் இந்த மண்ணிலேயே கண்மூடினார்.

பால் பிராண்ட் எலும்பு, மூட்டு ஆபரேஷன் செய்கிறவர். விரல்கள் மடங்கிப் போன நோயாளிகளைப் பார்த்ததும், "இந்தக் கைக்கு ஏன் யாரும் ஒன்றும் செய்யவில்லை?" என்ற கேள்வி அவருக்கு வந்தது. ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பலமே இருக்காது என்று நினைத்தவருக்கு, அந்தப் பிடியில் கை வலித்துவிட்டது! கையின் எல்லாத் தசையும் செத்துப் போகவில்லை, நல்ல தசையும் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. நல்ல தசையின் நாணைக் கொண்டுபோய், வேலை செய்யாத விரலுக்கு இணைக்கும் ஆபரேஷனை 1948-ல் வேலூரில் தொடங்கினார்.

விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். உண்மை வேறு. இந்த நோய் நரம்பைக் கெடுக்கும். உணர்ச்சி போய்விடும். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. புண் ஆறாமல்தான் விரல் குறைகிறது. ராத்திரி தூங்கும்போது எலி கடித்துக்கூடச் சிலருக்கு விரல் போனது. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்களாம்!

என் மனதைத் தொட்டது இனிமேல்தான். ஆபரேஷன் முடிந்து போன சிலர் திரும்பி வந்து, "முன்னாடி இந்தக் கையைக் காட்டிப் பிச்சையாவது எடுத்தோம். இப்போ பிச்சையும் இல்லை, வேலையும் யாரும் தர்றதில்லை" என்கிற மாதிரி சொன்னார்களாம். நன்றி கெட்டவர்கள் என்று அவர் கோபப்படவில்லை. கையைச் சரி செய்தால் போதாது, பிழைக்க வழியும் வேண்டும் என்று புரிந்துகொண்டார். அவர்கள் தங்கித் தச்சு வேலை பழக வேலூரில் ஓர் இடம் ஏற்பட்டது. அவர் மனைவி மார்கரெட்டும் டாக்டர். தொழுநோயில் கண் கெடாமல் காப்பாற்றுவதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். 1966-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போகும்வரை இங்கேதான் இருந்தார்கள்.

எங்கள் ஏரிக்குக் கூடக் கார்த்திகை, மார்கழியில் வெளிநாட்டுப் பறவைகள் வந்துவிட்டுப் போகின்றன. வருவது பெரிதில்லை. வந்த இடத்து மனிதர்களின் கையைப் பிடித்து, அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதுதான் பெரிது. அப்படிக் கேட்டால் எந்தச் சீமைக்காரரும் நமக்குச் சொந்தக்காரர்தான்.

சரி, நம் பங்குக்கு என்ன செய்யலாம்? இன்றைக்கும் இந்த நோய் அடியோடு ஒழிந்துவிடவில்லை. தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால், "கல்யாணம் தட்டிப் போயிடுமே" என்று மறைக்காதீர்கள். அடுப்படியில் சூடு பட்டும் தெரியாமல் கையில் கொப்புளம் வருகிறதா? உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 1982-லிருந்து கூட்டு மருந்து வந்துவிட்டது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். மருந்து இலவசம். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். ஆரம்பத்திலேயே போனால் விரல் மடங்குவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தொழுநோயைக் காரணம் காட்டிப் பெண்டாட்டியையோ புருஷனையோ விவாகரத்து செய்யலாம் என்று முன்பு சட்டத்திலேயே இருந்தது. 2019-ல் பார்லிமெண்ட் அதை எடுத்துவிட்டது. சட்டம் மாறிவிட்டது சகோதரிகளே, நாமும் மாற வேண்டாமா? அக்கம்பக்கத்தில் யாராவது பயந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தால், நீங்களே கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பிடித்த கையால் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

- ஒரு வாசகி, வேடந்தாங்கல்.